சாக்கெட் பொருந்தினால் போதுமா? பிராசஸர் மாற்ற நினைப்பவர்களுக்கு

கம்ப்யூட்டர் வாங்கி நாலைந்து வருஷம் ஆகிவிட்டது, கொஞ்சம் இழுக்கிறது. முழுசாக மாற்றக் கையில் காசு இல்லை, பிராசஸரை மட்டும் மாற்றினால் ஆகுமா என்று ஒரு யோசனை. அல்லது புதிதாக அசெம்பிள் செய்யப் போகிறீர்கள். கடைக்காரர், “இந்த போர்டு எடுங்க சார், அடுத்த ஜெனரேஷனும் இதுலயே போட்டுக்கலாம்” என்கிறார். இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: எந்த பிராசஸர் எந்த மதர்போர்டில் ஓடும்?

“சாக்கெட் ஒன்றாக இருந்தால் ஓடும்” என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி பதில். மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கியவர்கள்தான் பிராசஸரைத் திருப்பிக் கொடுக்க அலைகிறார்கள்.

சாக்கெட் என்பது மதர்போர்டின் நடுவே, ஓரத்தில் சின்ன நெம்புகோலோடு இருக்கும் அந்தச் சதுரம். பிராசஸர் அதில்தான் உட்காரும். மின்சாரம் வருவது, ராமோடும் கிராபிக்ஸ் கார்டோடும் பேசுவது என்று எல்லாமே அங்கிருக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொடுபுள்ளிகள் வழியாகத்தான். இன்டெல் அந்தப் புள்ளிகளின் எண்ணிக்கையையே பெயராக வைத்துவிடும். எல்ஜிஏ 1700 என்றால் 1,700 புள்ளிகள், எல்ஜிஏ 1851 என்றால் 1,851. ஏஎம்டி தன் சாக்கெட்டுகளுக்கு ஏஎம்4, ஏஎம்5 என்று வரிசைப் பெயர் வைக்கிறது. ஏஎம்4-இல் 1,331 பின்கள், ஏஎம்5-இல் 1,718 புள்ளிகள்.

பின்கள் எங்கே இருக்கின்றன என்பதும் முக்கியம். ஏஎம்4 வரை ஏஎம்டியில் பின்கள் பிராசஸரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும். பிராசஸரின் மேல் உட்கார்ந்து சூட்டைத் தணிக்கும் பழைய கூலரைக் கழற்றும்போது, இரண்டுக்கும் நடுவில் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து ஒட்டியிருந்தால், நெம்புகோல் பூட்டியபடியே பிராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், பின்னும் வளையும். அதனால் கழற்றுவதற்கு முன் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடேற்றி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுக்க வேண்டும். நேராக மேலே இழுக்கக் கூடாது. இன்டெல்லிலும் ஏஎம்5-இலும் இது தலைகீழ். பிராசஸரின் அடி தட்டையாக இருக்கும், மெல்லிய பின்கள் எல்லாம் போர்டில் இருக்கும். பிராசஸரை ஓரத்து முக்கோணக் குறி பார்த்து நேராக இறக்கினால் போதும், அழுத்தவே வேண்டாம். புதுப் போர்டில் சாக்கெட்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வாரண்டிக்கு அனுப்பும்போது அதை மாட்டி அனுப்பச் சொல்வார்கள்.

ஒரே சாக்கெட், ஆனாலும் ஓடாது

2017-இல் நடந்ததைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். அந்த வருஷம் ஜனவரியில் இன்டெல் தன் ஏழாம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களையும், கூடவே இசட்270 சிப்செட் போர்டுகளையும் வெளியிட்டது. சாக்கெட் எல்ஜிஏ 1151. அக்டோபரில் எட்டாம் தலைமுறை வந்தது. அதற்கும் எல்ஜிஏ 1151தான். அளவு அதே, புள்ளிகளின் எண்ணிக்கை அதே. ஆனால் இசட்270 போர்டில் அது ஓடாது, இசட்370 வாங்கியாக வேண்டும் என்று இன்டெல் சொல்லிவிட்டது. ஒன்பது மாதத்துக்கு முன்னால் விலை உயர்ந்த போர்டு வாங்கியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! சாவி பூட்டுக்குள் போகிறது, திரும்ப மட்டும் மாட்டேன் என்கிறது.

இன்டெல் சொன்ன காரணத்தில் உண்மை இல்லாமல் இல்லை. பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள், அதாவது கோர்கள், நான்காக இருந்தது ஆறானதால் கூடுதல் மின்சாரம் வேண்டியிருந்தது. அதுவரை எதற்கும் பயன்படாமல் ஒதுக்கி வைத்திருந்த பின்களில் சிலவற்றை மின்சாரத்துக்கும் எர்த்துக்கும் மாற்றிவிட்டார்கள். ஆனால் கை துறுதுறுத்த சிலர் பழைய போர்டின் பயாஸை, அதாவது கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடும் போர்டின் உள் மென்பொருளைத் திருத்தி, ஒன்றிரண்டு புள்ளிகளை மின்கடத்தியால் இணைத்தும் சிலவற்றின் மேல் காப்பு நாடா ஒட்டியும் அதே எட்டாம் தலைமுறையை ஓட்டிக் காட்டினார்கள். ஆக, இதில் மின்சாரம் பாதி, வியாபாரம் பாதி என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். வாங்குபவருக்கு இரண்டும் ஒன்றுதான். அதிகாரப்பூர்வமாக ஆதரவு இல்லை என்றால் நம் மட்டில் அது ஓடாது.

இங்கே சிப்செட் என்ற சொல் வருகிறது. சாக்கெட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, பெரும்பாலும் சூட்டைக் கடத்தும் உலோகத் துண்டு ஒன்றின், அதாவது ஹீட்சிங்க்கின் அடியில் இருக்கும் இன்னொரு சிப் அது. யுஎஸ்பி, சாட்டா, கூடுதல் ஸ்லாட்டுகள் எல்லாவற்றுக்கும் போக்குவரத்து பார்ப்பது. பி450, இசட்690, எச்610 என்று போர்டின் பெயரில் வருவது இதன் பெயர்தான். ஒரே சாக்கெட்டில் பல சிப்செட்டுகள் வரும், எந்தத் தலைமுறையோடு எந்தச் சிப்செட் சேரும் என்று நிறுவனம் ஒரு கோடு போட்டு வைத்திருக்கும். எல்ஜிஏ 1200-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2020-இல் பத்தாம் தலைமுறையோடு வந்த எச்410, பி460 போர்டுகளுக்கு இன்டெல் பதினொன்றாம் தலைமுறை ஆதரவு தரவில்லை. அதே சமயத்தில் வந்த எச்470, இசட்490-க்குத் தந்தது. விலை குறைவு என்று எச்410 எடுத்தவர்கள் ஒரே தலைமுறையோடு நின்றார்கள்.

பயாஸ்: யாரும் பார்க்காத தடை

ஏஎம்டியின் ஏஎம்4 கதை இதற்கு நேர் எதிர். அதிலும் வேறொரு சிக்கல் இருந்தது, புதியவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அதில்தான்.

2017 மார்ச்சில் முதல் ரைசன் பிராசஸர்கள் ஏஎம்4-இல் வந்தன. பி350, எக்ஸ்370 போர்டுகள் அப்போதுதான் வந்தன. பிறகு ரைசன் 2000, 2019 ஜூலையில் ரைசன் 3000, 2020 நவம்பரில் ரைசன் 5000, 2022 ஏப்ரலில் விளையாட்டுக்காரர்கள் இன்றும் புகழும் ரைசன் 7 5800எக்ஸ்3டி. எல்லாம் அதே சாக்கெட்டில். 2017-இல் ஆறு கோர் ரைசன் 5 1600 வாங்கிய ஒருவர், போர்டையும் ராமையும் தொடாமல் 5800எக்ஸ்3டி வரை போகலாம். டெஸ்க்டாப் வரலாற்றில் இப்படி அடிக்கடி நடப்பதில்லை.

ஆனால் இது தானாக நடந்துவிடவில்லை. ஒவ்வொரு புது பிராசஸரையும் போர்டு அடையாளம் தெரிந்துகொள்ள அதன் பயாஸில் அதற்கான பகுதி சேர்க்கப்பட வேண்டும். பழைய ஏஎம்4 போர்டுகள் பலவற்றில் பயாஸ் உட்காரும் சிப்பின் கொள்ளளவு வெறும் 16 எம்பி. நாலு தலைமுறைக்குத் தேவையானது எல்லாம் அதில் அடங்கவில்லை. 2020 மே மாதத்தில், அடுத்து வரும் ரைசன் 5000 தொகுதி 500 வரிசைச் சிப்செட்டுகளில் மட்டுமே ஓடும் என்று ஏஎம்டி அறிவித்தது. பி450, எக்ஸ்470 வாங்கியவர்கள் கொதித்தார்கள். அதே மாதத்திலேயே ஏஎம்டி இறங்கி வந்தது. அந்தப் போர்டுகளுக்கும் பயாஸ் தருகிறோம், ஆனால் இடம் போதாததால் பழைய பிராசஸர்கள் சிலவற்றின் ஆதரவு போய்விடும், திரும்பி வரவும் முடியாது என்றது. சில நிறுவனங்கள் பயாஸ் திரையில் இருந்த படங்களையும் அலங்காரத்தையும் கழற்றி எறிந்து, வெறும் எழுத்து மெனுவாக்கி இடம் பிடித்தன. முதல் தலைமுறை 300 வரிசைப் போர்டுகளுக்கு ஏஎம்டியின் ஒப்புதல் கிடைக்க 2022 ஆகிவிட்டது. வாங்குபவர்கள் கூச்சல் போட்டதால் கிடைத்த ஆயுள் இது என்று சொன்னால் தப்பில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, பொருத்தம் என்பது இரண்டு பக்கமும் கத்தரிக்கப்படும் என்பது. எக்ஸ்570 போர்டில் முதல் தலைமுறை ரைசனுக்கு ஆதரவு இல்லை. அதே ஏஎம்4 சாக்கெட்தான். பழைய பிராசஸரைக் கையில் வைத்துக்கொண்டு புதுப் போர்டு மட்டும் வாங்குபவர்களும் பட்டியல் பார்க்கத்தான் வேண்டும்.

சரி, அந்தப் பட்டியல் எங்கே இருக்கிறது? போர்டு தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில், உங்கள் மாடலின் பக்கத்தில், ஆதரவு என்ற பகுதிக்குள் பிராசஸர் பட்டியல் ஒன்று இருக்கும். ஒவ்வொரு பிராசஸருக்கும் நேராக, எந்த பயாஸ் பதிப்பிலிருந்து அது ஓடும் என்று எழுதியிருப்பார்கள். மாடல் பெயரை ஒரு எழுத்து விடாமல் பாருங்கள், போர்டில் அச்சிட்டிருக்கும் ரிவிஷன் எண்ணையும் சேர்த்து. ஒரே பெயரில் ரிவிஷன் 1.0-க்கு ஒரு பட்டியலும் ரிவிஷன் 3.0-க்கு வேறு பட்டியலும் இருப்பது சகஜம். கேபினெட்டைத் திறக்க வேண்டாம் என்றால், விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால் போர்டின் பெயர், இப்போதிருக்கும் பயாஸ் பதிப்பு, அதன் தேதி மூன்றும் ஒரே திரையில் தெரியும்.

பயாஸை எப்போது புதுப்பிப்பது என்றால், பழைய பிராசஸர் மாட்டியிருக்கும்போதே. புதியதை மாட்டிய பிறகு போர்டு அதை அடையாளம் காணாது, திரை கருப்பாகவே இருக்கும், பயாஸுக்குள் போகவே வழியிருக்காது. இது நிறையப் பேருக்கு நடந்து, 2018-இல் ஏஎம்டியே ஒரு பழைய பிராசஸரைக் கடனாக அனுப்பி, பயாஸைப் புதுப்பித்த பிறகு திருப்பி அனுப்பச் சொல்லும் திட்டம் ஒன்றை நடத்த வேண்டி வந்தது. இப்போது பல போர்டுகளின் பின்பக்கம் இதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. பயாஸ் கோப்பை எஃப்ஏடி32-ஆக ஃபார்மட் செய்த பென் டிரைவில், கையேட்டில் சொன்ன பெயரில் போட்டு, குறியிட்ட யுஎஸ்பி துளையில் செருகி, பவர் சப்ளையை மட்டும் இணைத்துப் பொத்தானை அழுத்தினால் பிராசஸர் இல்லாமலேயே புதுப்பித்துக்கொள்ளும். விளக்கு மினுங்குவது நிற்கும் வரை கை வைக்கக் கூடாது. புதிதாகப் போர்டு வாங்கும்போது வண்ண விளக்குகளைவிட இந்தப் பொத்தான் இருக்கிறதா என்று பார்ப்பது புத்திசாலித்தனம்.

இன்னொன்று. ஏஎம்டி போர்டில் பிராசஸரை மாற்றியதும் முதல் தடவை இயக்கும்போது கருப்புத் திரையில் ஒரு செய்தி வரலாம். புது பிராசஸர் பொருத்தப்பட்டிருக்கிறது, எஃப்டிபிஎம் (பூட்டுச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி) தகவல் மாறிவிட்டது, அழித்துப் புதிதாகத் தொடங்க ஒய் அழுத்துங்கள் என்று கேட்கும். உங்கள் டிரைவில் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருந்து, அதன் மீட்புச் சாவி கையில் இல்லையென்றால் ஒய் அழுத்தியபின் விண்டோஸுக்குள் போக முடியாது. எனவே பிராசஸரைக் கழற்றும் முன்பே பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிடுங்கள், அல்லது 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

மின்சாரமும் மற்றவையும்

பட்டியலில் பெயர் இருக்கிறது, பயாஸும் ரெடி. அப்புறமும் ஒரு கேள்வி மிச்சம்: அந்தப் போர்டு அந்த பிராசஸருக்குத் தீனி போடுமா? சாக்கெட்டைச் சுற்றியிருக்கும் மின்சுற்று, விஆர்எம் என்பார்கள், 12 வோல்ட்டை பிராசஸருக்கு வேண்டிய ஒன்றரை வோல்ட்டுக்கும் கீழே இறக்கித் தருகிறது. விலை மலிவான போர்டுகளில் இது சிக்கனமாக இருக்கும், மேலே ஹீட்சிங்க்கூட இருக்காது. 65 வாட் ரைசன் 5 5600 எந்தப் போர்டிலும் சமர்த்தாக ஓடும். 16 கோர் 5950எக்ஸ் 142 வாட் வரை இழுக்கும். இன்டெல்லின் 13900கே 253 வாட் வரை போகும். அதைக் கொண்டுபோய் அடிமட்ட எச்610 போர்டில் மாட்டினால் ஆனாகும், ஆனால் வேலை கொடுத்ததும் சுற்று சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொண்டே போகும். காசு கொடுத்து வாங்கிய வேகம் சூட்டில் போய்விடும்.

ராம் விஷயத்தில் வளைந்துகொடுப்பதே கிடையாது. டிடிஆர்4-க்கும் டிடிஆர்5-க்கும் 288 புள்ளிகள்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும், மாற்றிச் செருக முடியாது. ஏஎம்4 டிடிஆர்4 மட்டும். ஏஎம்5, எல்ஜிஏ 1851 இரண்டும் டிடிஆர்5 மட்டும். நடுவில் நிற்கும் எல்ஜிஏ 1700-இல் போர்டைப் பொறுத்து இரண்டில் ஒன்று. 2025-இன் கடைசி மாதங்களில் ராம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு, இருக்கும் ராமை வைத்துக்கொள்ள முடிவது எவ்வளவு பெரிய மிச்சம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கூலர் விஷயம் சுலபம். ஏஎம்4 கூலர்கள் பெரும்பாலும் ஏஎம்5-க்கும் மாட்டும், போர்டுக்குப் பின்னால் தனித் தகடு வைத்து மாட்டும் சில மாடல்களைத் தவிர. எல்ஜிஏ 1700-க்கு மாட்டுவது 1851-க்கும் மாட்டும்.

அடுத்து வருவதற்காகக் காத்திருக்கலாமா?

ஏஎம்5 2022 செப்டம்பரில் ரைசன் 7000-ஓடு வந்தது. 2024 ஆகஸ்ட்டில் ரைசன் 9000 அதே சாக்கெட்டில் வந்தது. முதலில் 2025 வரை என்று சொன்ன ஆதரவை, 2027 வரையும் அதற்கு மேலும் என்று ஏஎம்டி 2024-இல் நீட்டியது. இன்டெல் பக்கம், 2021-இல் வந்த எல்ஜிஏ 1700 பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்காம் தலைமுறைகளோடு முடிந்துவிட்டது. 2024 அக்டோபரில் கோர் அல்ட்ரா 200 வரிசையோடு எல்ஜிஏ 1851 வந்தது. அதற்கடுத்த நோவா லேக் 2026 கடைசியில் என்று இன்டெல் சொல்லியிருக்கிறது. அதற்கு 1,954 புள்ளிகள் கொண்ட புதிய சாக்கெட் என்று கசிந்த செய்திகள் சொல்கின்றன. அப்படியானால் 1851 போர்டு வாங்கியவர்களுக்கு அடுத்த பெரிய படி அந்தப் போர்டில் இல்லை. 1851-ஐ, போட்டதோடு சரி என்று நினைத்து வாங்குவதுதான் நல்லது.

ஏஎம்டியின் வாக்குறுதியையும் கொஞ்சம் உரசிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஆதரவு என்ற சொல் எதை வேண்டுமானாலும் குறிக்கும். ஏஎம்4-க்கு 2024-இலும் புது பிராசஸர்கள் வந்தன: ஜனவரியில் 5700எக்ஸ்3டி, ஜூலையில் 5900எக்ஸ்டி, 5800எக்ஸ்டி. ஆனால் எல்லாமே 2020-இல் வந்த அதே ஜென் 3 வடிவமைப்பு. சாக்கெட் உயிரோடு இருந்தது, உள்ளே இருந்தது பழைய சரக்கு. அப்புறம், ஏஎம்டியின் விலை உயர்ந்த, கோர் அதிகமுள்ள திரெட்ரிப்பர் பிராசஸர்களை வாங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 2019 கடைசியில் டிஆர்எக்ஸ்40 போர்டுகளோடு வந்த அந்த சாக்கெட் ஒரே ஒரு தலைமுறையோடு நின்றுபோனது. அதற்கு முந்தைய திரெட்ரிப்பர் சாக்கெட்டிலும் 4,094 புள்ளிகள்தான், ஆனாலும் பழையது புதியதில் ஓடாது. ஏஎம்டி என்றால் போர்டு காலத்துக்கும் வரும் என்று யாராவது சொன்னால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

என் கணக்கு இது. ஆறு, ஏழு வருஷம் எதையும் தொடாமல் ஓட்டுபவர் சாக்கெட்டின் எதிர்காலத்துக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம். அவர் மாற்றும்போது ராமின் வகையே மாறியிருக்கும், போர்டையும் மாற்றத்தான் போகிறார். எல்ஜிஏ 1700 அவருக்கு நன்றாகவே போதும். சாக்கெட்டின் ஆயுள் உதவுவது வேறொருவருக்கு: இன்று கையில் பணம் குறைவு, சுமாரான பிராசஸரை நல்ல போர்டில் போட்டு, மூன்று வருஷம் கழித்து பெரியதாகத் தாண்ட நினைப்பவருக்கு. அவர் ஏஎம்5 எடுத்து, ரைசன் 5 7500எஃப் அல்லது 7600-இல் தொடங்கலாம். பின்னால் 9800எக்ஸ்3டி போன்றவை பழைய விலையிலிருந்து இறங்கும்போது மாற்றிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் இப்போது வேறு வழியில் உறைக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-இன் பட்டியலில் இன்டெல்லின் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பொதுவாக இடம், ஏஎம்டியில் ரைசன் 2000-இலிருந்து. 2017-இல் இசட்270 போர்டோடு ஏழாம் தலைமுறை 7700கே வாங்கியவர் அந்த சாக்கெட்டின் உச்சியில் இருக்கிறார், அதற்கு மேலே போக அங்கே எதுவும் இல்லை, விண்டோஸ் 11-உம் அதிகாரப்பூர்வமாக இல்லை. அந்தப் போர்டுக்கு இனி ஒரு ரூபாய் செலவழிப்பதும் வீண். அதே வருஷம், அதைவிடக் குறைந்த விலையில் பி350 போர்டோடு ரைசன் 5 1600 வாங்கியவரும் பட்டியலுக்கு வெளியேதான் இருக்கிறார். ஆனால் பயாஸைப் புதுப்பித்து, ஒரு ரைசன் 5 5600-ஐ மாட்டி, எஃப்டிபிஎம்மை இயக்கிவிட்டால் அவர் உள்ளே வந்துவிடுவார். ராம், போர்டு, கூலர் எல்லாம் அப்படியே.

அப்படி 5600 வாங்கும்போது அதன் பெயரையும் உற்றுப் பாருங்கள். 5600-க்கும் 5600ஜி-க்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஜி என்று முடிவதில் உள்ளேயே கிராபிக்ஸ் உண்டு, ஆனால் கிராபிக்ஸ் கார்டோடு பேசும் அதன் பிசிஐஇ இணைப்பு மூன்றாம் பதிப்போடு நின்றுவிடும், பிராசஸருக்குள் இருக்கும் வேக நினைவகமான கேஷும் பாதிதான். தனியாக கிராபிக்ஸ் கார்டு இருப்பவர் ஜி இல்லாததை எடுக்க வேண்டும். கார்டே இல்லாதவர் ஜி எடுத்தால்தான் திரையில் படம் வரும். பழைய பொருளாக வாங்கினால் பிராசஸரைக் கவிழ்த்து, பின் வரிசைகளைக் கண் மட்டத்தில் வைத்து நான்கு பக்கமும் பாருங்கள். வரிசை கலைந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

ஏஎம்5-க்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் மட்டும். எல்லாம் சரியாக மாட்டி முதல் தடவை பவர் பொத்தானை அழுத்தியதும் மின்விசிறி சுற்றும், திரையில் ஒன்றும் வராது. டிடிஆர்5 ராமோடு பழகிக்கொள்ள போர்டு எடுத்துக்கொள்ளும் நேரம் அது, சில நிமிஷங்கள்கூட ஆகலாம். பயந்துபோய் அணைத்து அணைத்துப் போட்டால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள்.